நான்கு பாடம், ஒரு பிள்ளை



கண்டி மாவட்டத்துக் குண்டசாலையில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையின் நான்காம் தரத்து நேரசூசியில் என்ன இருக்கும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என நான்கு முதன்மைப் பாடங்கள். அவற்றோடு ஆங்கிலம், இரண்டாம் மொழியாகச் சிங்களம். இடையிடையே பாட்டு, சித்திரம், உடற்பயிற்சி. மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் நாம் பாடம் பாடமாகத்தான் விசாரிக்கிறோம். கணிதத்தில் எத்தனை புள்ளி, தமிழில் எத்தனை புள்ளி என்று கேட்டுக் கூட்டிப் பார்த்துத் திருப்தி அடைகிறோம், அல்லது கவலைப்படுகிறோம். அந்தக் கூட்டுத்தொகை பிள்ளை கற்றதைக் காட்டிவிடும் என்ற நம்பிக்கையைத்தான் இன்று உங்கள் முன் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன். ஆரம்ப வகுப்பில் ஒரு பாடத்தில் கற்றது இன்னொரு பாடத்தில் கைகொடுத்தால்தான் அது கற்றதாகும். கைகொடுக்காதவரை அது வெறும் மனனம். இதுவே என் வாதம். இதற்கான சான்றுகளையும், இதற்கு எதிராக நியாயமாக எழும் கேள்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கருத்து நம் நாட்டுக் கல்விக்குப் புதிதல்ல. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளுக்கு ஒன்றிணைந்த கலைத்திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆறு வயதுப் பிள்ளை உலகத்தைப் பாடங்களாகப் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது அதன் அடிப்படை. மழை பெய்யும்போது அது மொழியா, கணிதமா, விஞ்ஞானமா என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. பின்னர் 1997இல் அறிவிக்கப்பட்ட சீர்திருத்தம், 1998இல் கம்பஹா மாவட்டத்தில் முதலாம் தரத்தில் முன்னோடியாகத் தொடங்கி, 1999இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. ஆரம்பக் கல்வியின் ஐந்து ஆண்டுகளையும் மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்து, விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை ஆகிய மூன்றும் நிலைக்கு ஏற்ற அளவில் கலந்து வர வேண்டும் என்றது. சிறு வகுப்பில் விளையாட்டு மிகுதி, ஐந்தாம் தரத்தில் எழுத்து வேலை மிகுதி. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடமே மற்றப் பாடங்கள் வந்து சந்திக்கும் முற்றமாக வகுக்கப்பட்டது. ஆக, கொள்கை அளவில் நாம் இதை ஏற்று அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனால் அப்பியாசக் கொப்பிகள் இன்றும் தனித்தனியாகவே இருக்கின்றன. அவற்றில் உள்ள அறிவும் தனித்தனியாகவே இருந்துவிடுகிறது.

பிரிவினால் வரும் நட்டத்தை ஒரு சிறு கணக்கில் காணலாம். "மாலாவிடம் 8 கொய்யாப்பழங்கள் உண்டு. அது கண்ணனிடம் இருப்பதைவிட 3 கூடுதல். கண்ணனிடம் எத்தனை?" விடை 5. ஆனால் பல பிள்ளைகள் 11 என்று எழுதுவார்கள். 'கூடுதல்' என்ற சொல்லைக் கண்டதும் கூட்டிவிடுவார்கள். அந்தப் பிள்ளைக்கு எட்டிலிருந்து மூன்றைக் கழிக்கத் தெரியும். 'விட' என்ற உருபு யாரை யாரோடு ஒப்பிடுகிறது என்பதுதான் பிடிபடவில்லை. ஆசிரியர் சிவப்பு மையால் கணிதக் கொப்பியில் தவறு போடுகிறார். பெற்றோர் கணிதத்துக்குப் பிரத்தியேக வகுப்புத் தேடுகிறார்கள். நோய் தமிழில் இருக்க மருந்து கணிதத்துக்குக் கொடுக்கப்படுகிறது. எண்ணுப் பெயர்களிலும் இதுவே நிகழ்கிறது. இருபது, முப்பது, எண்பது என்று ஒரே ஒழுங்கில் வந்த பெயர்கள் தொண்ணூறில் திசைமாறுகின்றன. அதில் 'நூறு' ஒலிக்கிறது. தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' ஒலிக்கிறது. காதால் கேட்டு இலக்கம் எழுதும் பிள்ளை இந்த இடத்தில் தடுமாறினால் அது கவனக்குறைவு அல்ல, மொழியின் வழியில் எதிர்ப்படும் ஒரு மேடு. அந்த மேட்டைத் தமிழ் வகுப்பில் சொல் ஆராய்ச்சியாக மகிழ்ச்சியோடு ஏறிக் கடக்கலாம்.

மறு திசையிலும் பாருங்கள். இந்த ஊரின் அருகே ஓடும் ஆற்றை எடுத்துக்கொள்வோம். மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் நீளமானது, நாட்டின் மிக நீண்ட ஆறு. 'வெலி' என்றால் சிங்களத்தில் மணல். மணல் மிகுந்த பேராறு என்பதே அதன் பெயரின் பொருள். இரண்டாம் மொழிப் பாடத்தில் அந்த ஒரு சொல்லைக் கற்ற பிள்ளை, சுற்றாடல் பாடத்தில் ஆறு மலையை அரித்து மணலைச் சுமந்துவருகிறது என்று படிக்கும்போது, பெயருக்குள் அந்தச் செய்தி முன்பே இருந்ததைக் கண்டுகொள்கிறது. இந்த ஆற்றில் 1976இல் பொல்கொல்ல அணை எழுந்தது. நீரின் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வழியே உக்குவெலைக்குத் திருப்பப்பட்டு வறண்ட வலய வயல்களை நோக்கிச் சென்றது. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணை 122 மீற்றர் உயரமானது. அதன் நீர்த்தேக்கத்தில் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது. ஆற்றைத் திருப்பினால் யாருக்கு நீர் கிடைக்கிறது, யாருடைய வீடு போகிறது என்ற கேள்வி சுற்றாடல் பாடத்துக்குரியது. 122 மீற்றர் என்பது நம் பாடசாலைக் கட்டடத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது கணிதம். மூழ்கிய ஊரைவிட்டு வந்த ஒருவரிடம் கேட்பதற்கு ஐந்து கேள்விகளை எழுதுவது தாய்மொழி. மூன்று கொப்பிகளில் எழுதினாலும் பிள்ளையின் மனத்தில் ஓடுவது ஒரே ஆறு.

கைவினையிலும் இதே ஒருமை உண்டு. குண்டசாலைக்கு அருகில் ஹேனவல என்ற கிராமத்தில் ஹண எனப்படும் கற்றாழை வகையின் நாரை எடுத்துச் சாயமிட்டுத் தும்பறைப் பாய் நெய்கிறார்கள். 2021இல் யுனெஸ்கோ அந்தக் கைவினையை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பாயில் உள்ள உருவங்கள் நேர்கோடும் கோணமுமாக, நடுவிலிருந்து இருபுறமும் ஒத்து அமைகின்றன. காரணம் எளியது: தறியில் நெய்பவர் இழையை எண்ணித்தான் உருவத்தை வளர்க்க முடியும். எண்ணிக்கை பிழைத்தால் பறவையின் ஒரு சிறகு சிறுத்துவிடும். சமச்சீர் என்ற கருத்தைக் கற்பிக்க நாம் காகிதத்தை மடிக்கிறோம். அது நல்ல செயற்பாடுதான். ஆனால் சதுரக்கோட்டுத் தாளில் ஒரு பாய் உருவத்தை எண்ணி நிரப்பும் பிள்ளை, சமச்சீர் ஒருவருடைய பிழைப்புக்கும் அழகுணர்ச்சிக்கும் எப்படிப் பயன்படுகிறது என்பதையும் சேர்த்துக் கற்கிறது. செடியின் நார் சுற்றாடல், இழை எண்ணிக்கை கணிதம், உருவம் சித்திரம், செய்முறையை முன்பின் மாறாமல் சொல்வது மொழி.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, இப்படி எல்லாவற்றையும் கலந்தால் அடிப்படை ஆட்டம் கண்டுவிடும் என்பது. இந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. தமிழில் 247 எழுத்துகள் உள்ளன. உயிர்மெய்க் குறியீடுகளை ஒழுங்குமுறையாக, திரும்பத் திரும்பப் பயிற்றாமல் எந்தப் பிள்ளையும் சரளமாக வாசிக்காது. ஆற்றைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பெருக்கல் வாய்பாடு தானாக வந்துவிடாது. ஆகவே எழுத்துக்கும் எண்ணுக்கும் தனிநேரம், தனிப்பயிற்சி கட்டாயம் வேண்டும். பின்லாந்து 2016இல் நடைமுறைப்படுத்திய கலைத்திட்டமும், பல பாடங்களை இணைத்த கற்றல் தொகுதி ஒன்றாவது ஆண்டுதோறும் ஒவ்வொரு மாணவருக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்டது, தனிப்பாடங்களை ஒழிக்கவில்லை. நான் கேட்பதும் அந்த அளவுதான். பயிற்சி தனியாக நடக்கட்டும். பயிற்சியில் பெற்றது வேறோர் இடத்தில் பயன்படும் வாய்ப்பை அதே வாரத்தில் உண்டாக்குவோம். வாய்பாட்டைப் பயன்படுத்தும் தேவை வராத பிள்ளை அதை மறக்கும். வாசிக்கக் காரணம் கிடைக்காத பிள்ளை எழுத்துக் கூட்டுவதோடு நின்றுவிடும்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் ஆழமானது. ஊரை வைத்துக் கற்பித்தால் பிள்ளை ஊரிலேயே கட்டுண்டுவிடும் என்பது. இதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு வரலாறு உண்டு. 1930களில் உடுநுவரப் பகுதியின் ஹந்தெஸ்ஸவில் தொடங்கிய கிராமியக் கல்வித் திட்டம், சுகாதாரம், பயிர்ச்செய்கை, கைத்தொழில், சுற்றாடல் ஆகியவற்றை மையமாக வைத்துக் கற்பிக்க முயன்றது. நல்ல நோக்கமுடைய முயற்சி, ஆனால் நிலைக்கவில்லை. ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கும் உயர்வுக்கும் வாயிலாக இருந்த காலத்தில், கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும் மண்வெட்டியும் மண்ணும் பாடமானால் பெற்றோர் அதை ஐயத்தோடு பார்ப்பது இயல்பு. அந்த ஐயத்தை அறியாமை என்று நான் தள்ள மாட்டேன். மலையகத் தோட்டப் பாடசாலைகளின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு அது இன்னும் நன்றாக விளங்கும். தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்ட வேலைக்கு வேண்டிய அளவு எழுத்தறிவு போதும் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அந்தப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணியே 1970களின் பிற்பகுதியில்தான் முறையாகத் தொடங்கியது. எனவே 'ஊர்ப் பாடம்' என்ற சொல் காதில் விழுந்ததும் நம் பெற்றோர் எச்சரிக்கையாவது நியாயமே.

ஆனால் கேள்வி ஊரிலிருந்து தொடங்குகிறோமா என்பதல்ல, ஊரோடு நின்றுவிடுகிறோமா என்பதே. குண்டசாலை உலகத்துக்குத் திறந்த ஊர். அருகில் உள்ள பல்லேகலையில் நிலநடுக்க அதிர்வுகளைப் பதியும் உலகளாவிய வலையமைப்பின் நிலையம் ஒன்று இயங்குகிறது. எங்கோ கடலடியில் நிலம் அசைந்தால் அந்த அசைவு இங்கே கோடாக விழும். 2020 ஆகஸ்டில் திகனப் பகுதி மக்கள் சிறு நிலஅதிர்வுகளை உணர்ந்தபோது, பூமி என்பது பாடப்புத்தகத்துப் படம் மட்டுமல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்தது. வரலாறும் அப்படியே. இங்கே மாளிகை அமைத்து வாழ்ந்த வீர நரேந்திரசிங்க மன்னர் மதுரை நாயக்கர் உறவில் மணம் செய்தார். 1739இல் அவர் மறைந்தபின் அரசியின் சகோதரர் அரியணை ஏறினார். கண்டியின் நாயக்கர் அரசு அவ்வாறு பிறந்து 1815வரை நீடித்தது. அந்த மரபில் வந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் காலத்தில்தான் அருகே உள்ள தெகல்தொருவக் குகை விகாரையின் சுவரோவியங்கள் உருவாயின. தன் ஊரின் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு மதுரைவரை போய்வரும் பிள்ளை ஊருக்குள் கட்டுண்ட பிள்ளை அல்ல.

மூன்றாவது எதிர்வாதம் புலமைப்பரிசில் பரீட்சை. ஐந்தாம் தரத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பிள்ளைகள் எழுதும் பரீட்சை அது. நல்ல வசதியுள்ள பாடசாலையில் இடம் கிடைக்கவும், வசதியில்லாத குடும்பத்துக்கு உதவுபணம் கிடைக்கவும் அது வாயிலாக இருக்கிறது. தோட்டத்து லயத்திலிருந்தோ சிறு கடைக்காரர் வீட்டிலிருந்தோ வரும் பிள்ளைக்கு அந்த வாயிலை மூடுமாறு யாரும் பெற்றோரைக் கேட்க முடியாது. ஆனால் பரீட்சையின் அமைப்பையே பாருங்கள். முதல் வினாத்தாள் நுண்ணறிவைச் சோதிக்கிறது. அதற்கு ஒரு பாடப்பெயர் கிடையாது. இரண்டாவது வினாத்தாள் மொழி, கணிதம், சுற்றாடல் என எல்லாவற்றையும் ஒரே தாளில் கேட்கிறது. ஒரு பந்தியை வாசித்து, அதிலிருந்து ஓர் எண்ணை எடுத்து, ஒரு முடிவுக்கு வரத் தெரிந்த பிள்ளைதான் அங்கே வெல்லும். பரீட்சை பாடங்களை இணைத்துக் கேட்க, நாம் பாடங்களைப் பிரித்து, மாதிரி வினாத்தாள்களை அடுக்கி, வினாவின் சாயலைப் பார்த்து விடை சொல்லப் பழக்குகிறோம். சாயல் சற்று மாறினால் பிள்ளை திகைத்துப்போகிறது. 'கூடுதல்' என்ற சொல்லைக் கண்டு கூட்டியதும் இதே பழக்கத்தின் முதல் படிதான். பாடங்களை இணைத்துக் கற்பிப்பது பரீட்சைக்கும் தடையாகாது. வினா புதிதாக வரும்போது அதுவே துணை நிற்கும்.

நான்காவது, ஆசிரியர்களின் சுமை. இருக்கும் பதிவேடுகளும் கணிப்பீட்டுப் படிவங்களும் போதாதா, இது வேறா என்ற சலிப்பு நியாயமானது. ஒரே ஆசிரியர் இரண்டு தரங்களைச் சேர்த்து நடத்தும் சிறு பாடசாலைகளில் இது இன்னும் கடினம். தமிழ்நாட்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, பின்பு மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறை, அட்டைகளும் ஏணிப்படிகளும் கொண்டு பலநிலைப் பிள்ளைகளை ஒரே அறையில் கற்கச் செய்யலாம் என்று காட்டியது. ஆனால் அந்த ஏணிகளும் பாடத்துக்கு ஒன்றாகவே நின்றன. ஆகவே கருவிகளைக் கூட்டுவதால் மட்டும் பாடங்கள் இணையமாட்டா. நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு வளத்தை மறந்துவிடுகிறோம். ஆரம்ப வகுப்பில் முதன்மைப் பாடங்களை எடுப்பவர் பெரும்பாலும் ஒரே வகுப்பாசிரியர். காலையில் தமிழ் எடுத்தவரே பிறகு கணிதம் எடுக்கிறார். எந்தப் பிள்ளை எந்தச் சொல்லில் தடுக்கியது என்பது அவருக்குத் தெரியும். இடைநிலை வகுப்பில் கிடைக்காத வாய்ப்பு இது. புதிய படிவம் எதுவும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு கேள்வி போதும். "நம் பாடசாலைக் கூரையில் விழும் மழை எங்கே போகிறது?" என்பது போன்ற ஒரு கேள்வி கரும்பலகையின் மூலையில் திங்கள்முதல் வெள்ளிவரை இருக்கட்டும். ஒவ்வொரு பாடமும் அதற்கு ஒரு துண்டு விடை கொண்டுவரட்டும்.

எல்லாவற்றையும் இணைக்கலாமா என்றால், இல்லை. சமய பாடவேளையில் பிள்ளைகள் தத்தம் நெறிக்கு ஏற்பப் பிரிந்து செல்கிறார்கள். ஒவ்வொரு நெறிக்கும் அதற்குரிய சொல்லும் வழிபாடும் உண்டு. அவற்றைப் பொதுவில் கரைத்துவிடக் கூடாது. ஆனால் பிரிந்து சென்ற பிள்ளைகள் மறுபடி ஒரே வகுப்புக்குத் திரும்பி ஒரே ஆற்றையும் ஒரே மழையையும் பற்றிக் கற்கிறார்கள். 2018 மார்ச்சில் திகனையில் நடந்த இன வன்முறையைக் கண்ட பகுதி இது. அயலவரின் மொழியைக் கற்பதும், அயலவரின் பண்டிகை ஏன் அந்த நாளில் வருகிறது என்று அறிவதும் இந்தப் பகுதியில் அலங்காரப் பாடங்கள் அல்ல. இரண்டாம் மொழியாகச் சிங்களத்தைப் பத்துச் சொற்கள் எழுதும் பயிற்சியாக மட்டும் நிறுத்தினால், அதைப் பேச வேண்டிய நாளில் அது நாவுக்கு வராது.

என் வாதத்தின் மிக முக்கியமான சான்றைக் கடைசியாக வைக்கிறேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மழையில் கண்டி மாவட்டம் மண்சரிவுகளால் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது. மலைச்சரிவில் வாழும் குடும்பத்துக்கு வரும் மண்சரிவு எச்சரிக்கையை ஒரு பாடப்பகுதியாக எண்ணிப் பாருங்கள். மழை மில்லிமீற்றரில் அளந்து சொல்லப்படுகிறது: அது கணிதம். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கி ஊறும் நீர் ஆகியவற்றை ஆபத்தின் அறிகுறிகளாகக் காண்பது சுற்றாடல் அறிவு. அறிவித்தலில் 'அவதானமாக இருங்கள்' என்பதற்கும் 'வெளியேறுங்கள்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்வது மொழி. அந்த அறிவித்தல் சில வேளைகளில் சிங்களத்தில் முதலில் வந்து சேரும்: அது இரண்டாம் மொழி. பக்கத்து வீட்டு முதியவரையும் எழுப்பி அழைத்துப் போக வேண்டும் என்ற உணர்வை எந்த நெறியின் சமய பாடமும் கற்பிக்கும். அந்த இரவில் மணி அடித்துப் பாடவேளை மாறுவதில்லை. ஐந்தும் ஒரே கணத்தில் ஒரு பிள்ளையிடம் ஒன்றுகூட வேண்டும். எச்சரிக்கும் கடமை பெரியவர்களுடையது, அரச நிறுவனங்களுடையது. அதைப் பிள்ளைகள் தலையில் ஏற்றுவது என் நோக்கமல்ல. ஆனால் ஒரு வெற்றுப் போத்தலின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்து, அளவுகோல் ஒட்டி, முற்றத்தில் மழையை அளந்து, தினமும் ஒரு வரி எழுதிப் பழகிய வகுப்புக்கு மில்லிமீற்றர் என்பது அந்நியச் சொல்லாக இராது.

ஆகவே இங்குள்ள ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தவறான விடை ஒன்றைக் கண்டால், அது எந்தப் பாடத்துத் தவறு என்று முதலில் பாருங்கள். எழுதப்பட்டிருக்கும் கொப்பியை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். புள்ளியைக் கேளுங்கள், கேட்டபின் இன்னொன்றையும் கேளுங்கள்: "நேற்றுத் தமிழில் படித்தது இன்றைக்கு எங்கே உதவியது?" முதல் நாள் பிள்ளைக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். இரண்டாம் வாரத்தில் தேடத் தொடங்கும். கேள்வி வரும் என்று தெரிந்த பிள்ளை வகுப்பிலேயே அதற்கான பதிலைக் கண்டெடுத்து வைத்துக்கொள்ளும். நேரசூசி பிரித்துவைத்த பாடங்களைச் சேர்த்துக் கட்டும் வேலை அன்றுமுதல் அந்தப் பிள்ளையின் கைக்கு வந்துவிடும். நம்மை இங்கே ஒன்றுகூட்டிய அறக்கட்டளை யாருக்காக நிறுவப்பட்டதோ அந்தப் பிள்ளைகளுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி அதுவே என்று நம்புகிறேன்.